ஜெர்மன் வாக்கியத்தில் வினை எங்கே நிற்கும்?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஜெர்மன் படிக்கத் தொடங்கியவர்கள் சொல்வரிசை பற்றிக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஜெர்மன் சொற்களை ஒலிப்புக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): ஐயா, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ‘நாளை நான் பினாங்குக்குப் போகிறேன்’ என்பதை ‘மோர்கன் இஷ் ஃபாரே நாஹ் பெனாங்’ என்று எழுதினேன். ஆசிரியர் பிழை என்று சுழித்துவிட்டார். எங்கே பிழை?

பதில்: சொற்கள் சரி, வரிசைதான் பிழை. ஜெர்மன் செய்தி வாக்கியத்தில் முற்றுவினை இரண்டாம் இடத்தில்தான் நிற்கும். ‘மோர்கன்’ முதலிடத்தைப் பிடித்துக்கொண்டால், ‘இஷ்’ வினைக்குப் பின்னே போய்விட வேண்டும்: ‘மோர்கன் ஃபாரே இஷ் நாஹ் பெனாங்.’ மலாயில் ‘எசோக் சாயா பெர்கி’ என்கிறோம், ஆங்கிலத்திலும் அதே வரிசைதான். பள்ளியில் பழகிய அந்த இரண்டு மொழிகளும் உங்கள் கையைப் பிடித்து இழுத்திருக்கின்றன.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): இரண்டாம் இடம் என்றால் இரண்டாவது சொல்லா?

பதில்: இல்லை. ‘மைன் ப்ரூடர் ஔஸ் பெனாங்’, அதாவது ‘பினாங்கைச் சேர்ந்த என் அண்ணன்’, நான்கு சொற்களானாலும் ஓர் இடம்தான், அடுத்தது வினை. ‘உண்ட்’ (மற்றும்), ‘ஆபர்’ (ஆனால்), ‘டென்’ (ஏனென்றால்) போன்ற இணைப்புச் சொற்கள் வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி (செராஸ்): காரணம் சொல்லும் ‘வைல்’ (என்பதால்) வந்தாலே வினை கடைசிக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் யோசித்து, பிறகு மாற்றிப் போட வேண்டியிருக்கிறது. இதற்கு எளிய வழி உண்டா, ஐயா?

பதில்: உண்டு, ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் யோசியுங்கள். நம் பிள்ளைகள் வீட்டிலேயே வைத்திருக்கும் இந்தச் சாவியை எடுக்காமல் ஜெர்மன் கடினம் என்று சோர்ந்துபோவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

‘நான் நாளை ரயிலில் பினாங்குக்குப் போக வேண்டும் என்பதால்’ என்பதை ஜெர்மனில் ‘வைல் இஷ் மோர்கன் மிட் டேம் ட்சூக் நாஹ் பெனாங் ஃபாரென் முஸ்’ என்பார்கள். வரிசையைப் பாருங்கள்: நான், நாளை, ரயிலில், பினாங்குக்கு, போக, வேண்டும். காரணத்தைச் சொல்லும் ‘வைல்’ முன்னே வருவதையும், வேற்றுமை உருபுக்குப் பதிலாக ‘மிட்’, ‘நாஹ்’ ஆகியவை பெயருக்கு முன்னே நிற்பதையும் தவிர, மற்ற எல்லாம் நாம் பேசும் வரிசையே. ‘போக வேண்டும்’ என்பதற்கு ‘ஃபாரென் முஸ்’, ‘படித்திருக்கிறான்’ என்பதற்கு ‘கெலேஸன் ஹாட்’ என்று, துணைவினைகூட நம்மைப் போலவே இறுதியில் வந்து உட்காருகிறது. காலம் முதலில், விதம் அடுத்து, செல்லும் இடம் வினைக்கு அருகில் என்று வகுப்பில் சொல்லித்தரும் விதியும் நமக்கு இயல்பானதே.

ஆகவே எந்த வாக்கியத்தையும் முதலில் வினை கடைசியில் வரும்படி தமிழ் வரிசையில் அமைத்துக்கொள்ளுங்கள். ‘வைல்’ போன்ற சொல்லோடு தொடங்கும் துணை வாக்கியமானால் அப்படியே விட்டுவிடலாம். தனி வாக்கியமானால் கடைசியிலுள்ள முற்றுவினையை மட்டும் எடுத்து இரண்டாம் இடத்தில் வையுங்கள்: ‘இஷ் முஸ் மோர்கன் மிட் டேம் ட்சூக் நாஹ் பெனாங் ஃபாரென்.’ ‘ஃபாரென்’ அசையாமல் இறுதியிலேயே இருப்பதைக் கவனியுங்கள்.

தமிழ் துணைக்கு வராத இடமும் ஒன்று உண்டு. ‘பட்டர்வொர்த்துக்குப் போகும் ரயில்’ என்று நாம் பெயரைக் கடைசியில் வைக்கிறோம். ஜெர்மனில் ரயில் முதலில் வந்து, அதை விளக்கும் தொடர் பின்னால் வரும். அதை மட்டும் தனியாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

கேள்வி (பட்டர்வொர்த்): ‘ஆப்ஃபாரென்’ என்றால் புறப்படுதல் என்று படித்தேன். ஆனால் ‘டேர் ட்சூக் ஃபேர்ட் உம் ஆஹ்ட் ஊர் ஆப்’ என்ற வாக்கியத்தில் அது இரண்டாக உடைந்து கிடக்கிறதே?

பதில்: முன் சொன்ன வழியே இங்கும் பொருந்தும். ‘எட்டு மணிக்குப் புறப்படு’ என்பது ‘உம் ஆஹ்ட் ஊர் ஆப்ஃபாரென்’. முற்றுவினைப் பகுதி இரண்டாம் இடத்துக்குப் போகும்போது ‘ஆப்’ பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. துணை வாக்கியத்தில் இரண்டும் மீண்டும் சேர்ந்து ‘ஆப்ஃபேர்ட்’ ஆகிவிடும்.

கேள்வி (செந்தூல்): ‘வைல்’ தொடர் முதலில் வந்தால்?

பதில்: அந்தத் தொடர் முழுவதும் முதலிடமாகிவிடும்; உடனே வினை வர வேண்டும். ‘வைல் எஸ் ரேக்னெட், ப்லைபே இஷ் ட்சு ஹௌஸே’, அதாவது ‘மழை பெய்வதால் நான் வீட்டிலேயே இருக்கிறேன்.’ காற்புள்ளியின் இருபுறமும் வினை நிற்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலான பிழைகள் பிடிபட்டுவிடும்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): ஜெர்மானியர்கள் பேசும்போது ‘வைல்’ என்ற சொல்லுக்குப் பிறகும் வினையை இரண்டாம் இடத்தில் வைப்பதைக் காணொளிகளில் கேட்கிறேன். நானும் அப்படிப் பேசலாமா?

பதில்: பேச்சில் அது பரவலாக உண்டு, எழுத்தில் ஏற்பதில்லை. தொடக்க நிலையில் வினையை இறுதியில் வைத்தே பேசிப் பழகுங்கள். ஜெர்மன் மொழியைக் கற்பிக்கும் கோத்தே நிலையத்தின் ஏ1 எனும் தொடக்க நிலைத் தேர்வில் சுமார் 30 சொற்களில் ஒரு சிறு கடிதம் எழுதச் சொல்வார்கள். அவ்வளவு சிறிய கடிதத்தில்கூட ‘வர முடியாது, ஏனென்றால்’ என்று எழுத நேரலாம். ‘வைல்’ தடுமாற்றம் தந்தால் அங்கே ‘டென்’ எழுதுங்கள். அதற்குப் பின் வரும் வாக்கியம் தனி வாக்கியத்தின் வரிசையிலேயே அமையும்.