கெண்டைக்கால் வலியும் பாதியில் நிற்கும் புத்தகமும்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறேன். வயது 46. சில்வர் பீச் மணலில் நடக்க ஆரம்பித்தால் பத்தே நாளில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. இரவில் அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் நாலு பக்கத்தில் தூக்கம் வருகிறது. இரண்டையும் எப்படித் தொடர்வது?

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை, மணல் மேல்தான். உதிரி மணலில் நடக்க, கெட்டித் தரையைவிடச் சுமார் இரு மடங்கு சக்தி வேண்டும். குதிகால் புதையப் புதையக் கெண்டைத் தசை கூடுதலாக இழுபடும். முதல் மூன்று வாரம் ஷூ போட்டுக்கொண்டு சாலையிலேயே நடங்கள்: 20 நிமிடம், அடுத்த வாரம் 25, பிறகு 30. வாரம் ஐந்து நாள் 30 நிமிடம் நடந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடக் கணக்கு சரியாகிவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம்.

அதன் பிறகு ஈரமணலுக்கு வரலாம். அது கெட்டிதான், ஆனால் கடல் பக்கம் சரிவு. வடக்கே போகும்போது வலது கால் தாழ்ந்தே மிதிக்கும். போன தூரம் அதே வழியில் திரும்பினால் இரண்டு காலுக்கும் சமமாகும். மறுநாள் தொடங்கி மூன்று நாளுக்குள் தணிகிற வலி தசை வலி. ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் இருந்தால் நடை வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

புத்தகத்தை இரவிலிருந்து காலைக்கு மாற்றுங்கள். நடந்து வந்து வியர்வை ஆறும் அந்த 15 நிமிடத்தில் ஐந்தாறு பக்கம் போதும். அறிவியல் நூலை நாவல் வேகத்தில் ஓட்ட முடியாது. ஒரு வரைபடமே பத்து நிமிடம் கேட்கும். படித்ததும் மூடிவைத்து, 'ஏன்' என்று இரண்டு வரி எழுதுங்கள். எழுத வராவிட்டால் அந்தப் பத்தியை மட்டும் திரும்பப் படியுங்கள். சமன்பாட்டைத் தாண்டிப் போனால் குற்றமில்லை. புத்தகம் கனமாகத் தெரிந்தால் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் மாத இதழில் தொடங்கலாம். சிறுவர் இதழ்தானே என்று ஒதுக்க வேண்டாம்.

படித்ததைக் கடற்கரையிலேயே சோதிக்கவும் செய்யலாம். நிலம் சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறும், கடல்நீர் மெதுவாக. அதனால் வெயில் காலத்து விடியலில் காற்று பெரும்பாலும் ஊரிலிருந்து கடலுக்கு வீசும், முற்பகலில் திசை மாறும். உலர்ந்த மணலை ஒரு பிடி எடுத்து மேலிருந்து விட்டுப் பாருங்கள், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தச் சோதனை பலிக்காது. வடகிழக்குக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், மழைக்காலப் படி வழுக்கும். ஒரு வாரம் விட்டுப்போனால் மறுபடி 20 நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.