வீடு கட்டி முடித்தும் கடைசிக் காசு வரவில்லை. வழக்குப் போடலாமா?

வெள்ளவத்தையில் மூன்று மாடி வீடு கட்டிக் கொடுத்தீர்கள், சாவி கைமாறி எட்டு மாதம், கடைசி பில் மட்டும் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். ஆனால் முதலில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இலங்கையின் 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது. வாய்ப்பேச்சில் செய்த வேலைக்கூலி என்றால் ஒரே வருடம்தான் என்று வாதாட இடமுண்டு. பணம் சேரவேண்டிய நாளிலிருந்து கணக்கு ஓடும். உங்களுக்கு எட்டு மாதம் போய்விட்டது, ஆகவே "அடுத்த மாதம் தாறன்" என்பதை நம்பி இருக்காதீர்கள்.

எழுத்து இருந்தால் கடைசிப் பக்கங்களையும் வாசியுங்கள், யாரும் வாசிப்பதில்லை. நடுத்தீர்ப்பு வாசகம், அதாவது பிணக்கு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் ஒருவரிடம் தீர்ப்போம் என்ற நிபந்தனை, அங்கே ஒளிந்திருக்கலாம். இருந்தால், வீட்டுக்காரர் ஆட்சேபித்தவுடன் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டப்படி நீதிமன்றம் வழக்கை எடுக்காது.

அப்புறம் பில்லைப் பிரியுங்கள். ரிட்டென்ஷன் காசு (குறை வந்தால் திருத்துவதற்கு உத்தரவாதமாக வீட்டுக்காரர் பில்லில் பிடித்து வைக்கும் பங்கு) வேறு, மேலதிக வேலை வேறு. ரிட்டென்ஷனில் மிச்சப் பாதி பெரும்பாலும் குறை திருத்தும் காலம் முடிந்தால்தான் வரும். அதை இப்போதே கேட்டால் உங்கள் பக்கம்தான் பலவீனம். சண்டை பெரும்பாலும் மேலதிக வேலையில்தான்: "பாத்ரூம் டைல்ஸை மாற்றுங்கோ" என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தி, விலை எழுதவில்லை. அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.

ஒழுகல், வெடிப்பு என்று வீட்டுக்காரர் எதிர்க்கணக்குக் காட்டுவார். படங்களை எடுத்து வைத்து, சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் இந்த மாதமே அனுப்புங்கள்.