சாலட்டில் தண்ணீர் விடாமல் இருக்க என்ன செய்வது?

கேள்வி: வெள்ளரிக்காய், தக்காளி, கேரட், வெங்காயம் நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து சாலட் செய்கிறேன். அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கி, காய்கள் துவண்டுவிடுகின்றன. காலையில் செய்து மதியம் சாப்பிட வழி உண்டா?

பதில்: காய்களில் குறை இல்லை, உப்பு சேர்க்கும் நேரம்தான் காரணம். வெள்ளரியிலும் தக்காளியிலும் 95 சதவீதம் அளவுக்கு நீர்தான். நறுக்கிய காயின் மேல் உப்பு பட்டதும் உள்ளே இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படும். காய் துவள்வதும் சுவை நீர்த்துப்போவதும் அதனால்தான்.

எப்படியும் வெளியேறப்போகும் நீரை முன்கூட்டியே வெளியேற்றிவிடுங்கள். இரண்டு மூன்று பேருக்கு 250 கிராம் வெள்ளரி போதும். காம்புப் பக்கம் சிறிது வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கடுமையாகக் கசந்தால் அந்தக் காயே வேண்டாம். முற்றிய காய் என்றால் விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்துவிட்டு, அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். கால் டீஸ்பூன் உப்பு பிசிறி, வடிகட்டியில் 15 நிமிடம் வைத்து, லேசாகப் பிழிந்து, துணியில் ஒற்றி எடுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தக்காளி இரண்டு. கெட்டியான, நன்கு சிவந்த பழமாக இருக்கட்டும். விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பகுதியை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் நறுக்குங்கள். எடுத்த பகுதியில் நல்ல புளிப்பு இருக்கும், வேறு சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். நாள்கணக்கில் ஃப்ரிட்ஜில் இருந்த தக்காளியில் மணம் குறைந்திருக்கும் என்பதால், வெளியே வைத்த பழமே இதற்குச் சிறந்தது.

கேரட்டைத் துருவ வேண்டாம். துருவினால் சாறு கசியும், மொறுமொறுப்பும் போய்விடும். தீக்குச்சி கனத்தில் நீளவாக்கில் நறுக்குங்கள். வாடிய கேரட்டை நறுக்கி, ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் நீரை உறிஞ்சி மீண்டும் விறைப்பாகும். பாதி வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து குளிர்ந்த நீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் காரநெடி தணியும். இரண்டையும் ஈரம் போகத் துடைத்த பிறகே சேர்க்க வேண்டும். கொத்தமல்லி, கீரை இலைகளுக்கும் இது பொருந்தும். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது, மேலே ஊற்றும் கலவை வழுக்கி அடியில் போய் நிற்கும்.

அந்தக் கலவைக்கு 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, கால் டீஸ்பூன் மிளகுத்தூள், ஒரு சிட்டிகை உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன பாட்டிலில் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கினால் சிறிது நேரத்துக்குப் பிரியாமல் நிற்கும். வெள்ளரியில் ஏற்கெனவே உப்பு ஏறியிருப்பதால், ருசி பார்த்த பிறகே மேலும் உப்பு சேர்க்கலாமா என்று முடிவு செய்யுங்கள். உடம்புக்கு நல்லதென்று எண்ணெயை முழுக்கத் தவிர்ப்பது சரியல்ல. கேரட், தக்காளியில் உள்ள கரோட்டினாய்டு சத்துகளை உடல் ஏற்கக் கொஞ்சம் கொழுப்பு தேவை.

மதியத்துக்கு எடுத்துச் செல்வதானால் கலவையைத் தனி பாட்டிலிலும், நறுக்கிய வெள்ளரி, கேரட், வெங்காயத்தை டப்பாவிலும் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் அடியில் ஒரு டிஷ்யூ தாள் விரித்தால் மிச்ச ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். தக்காளியை முழுதாகவே கொண்டுபோய்ச் சாப்பிடும்போது நறுக்குவது நல்லது. ஆனால் நறுக்கிய காய்கள் சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜோ ஐஸ் பையோ இல்லாத இடத்துக்கு எல்லாக் காய்களையும் கழுவித் துடைத்து முழுதாகக் கொண்டுபோய், சுத்தமான கத்தியால் அங்கேயே நறுக்குங்கள். அப்போது வெள்ளரிக்கு முன்கூட்டி உப்பிட வேண்டியதில்லை. கலந்த பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட்டால் நீர் விட நேரமிருக்காது.