முதல் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி): கேள்வி பதில்

மேசை மேல் வைக்கிற மாதிரி 30 லிட்டர் டேங்க் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். முதல் ரீஃப் டேங்குக்கு அது போதுமா, சார்?

வேண்டாம். 60 × 45 × 40 செ.மீ. தொட்டியாக வாங்குங்கள். கணக்குக்கு 108 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக ஏறக்குறைய 90 லிட்டர் நிற்கும்.

காரணம் உப்பு. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 30 லிட்டரில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வற்றினால் உப்பளவு 35 பி.பி.டி.யிலிருந்து (ஆயிரத்தில் 35 பங்கு) 36.8-க்குப் போகும். மறுநாளும் ஊற்றாவிட்டால் 38.9. பெரிய தொட்டிக்குப் பரப்பு அதிகம், அதனால் இரண்டு மடங்கு, அதாவது 3 லிட்டர் வற்றுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் 36.2-இல் நிற்கும். இந்த ஏற்ற இறக்கத்தை மீன் ஓரளவு தாங்கும், பவளம் சுருங்கிக்கொள்ளும். வற்றியதை ஈடுகட்ட ஊற்றுவது எப்போதும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான். உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

நிரப்பிய தொட்டி 130 கிலோவைத் தாண்டும். படிக்கும் மேசை தாங்காது. இரும்பு ஸ்டாண்ட் அடித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஏ.சி. இல்லாத ஹால். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) வாங்கியே ஆகணுமா?

டேங்க் வாங்கும் முன் இதைத்தான் முடிவுசெய்ய வேண்டும். வைக்கப்போகும் இடத்தில் ஒரு வாளி தண்ணீரும் தெர்மாமீட்டரும் வைத்து, ஒரு வாரம் மாலை நான்கு மணிக்குப் பாருங்கள். அதை மே மாதத்தில் செய்தால் இன்னும் நல்லது. பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வசதி. 30-க்கு மேல் நாட்கணக்கில் நின்றால் அதன் திசுவுக்குள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில் நடந்ததும் இதுதான்.

தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று வீசும் சின்ன ஃபேன் இரண்டு, மூன்று டிகிரி குறைக்கும். கோவை, மதுரை போன்ற உலர்ந்த காற்றில் நன்றாக வேலை செய்யும். சென்னையின் புழுக்கத்தில் அவ்வளவு எடுபடாது, ஆவியாதலும் கூடும். வாளியில் 31, 32 டிகிரி கண்டால் சில்லருக்குப் பணம் ஒதுக்குங்கள், அல்லது டேங்க்கை ஏ.சி. ஓடும் அறைக்கு மாற்றுங்கள். 90 லிட்டருக்கு 1/10 ஹெச்.பி. சில்லர் போதும். அதை மூடிய கேபினெட்டுக்குள் வைக்காதீர்கள்; தான் வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப இழுத்து, நிற்காமல் ஓடும்.

பெசன்ட் நகர் கடல் தண்ணீரையே கேனில் பிடித்துவந்து ஊற்றலாமா?

வேண்டாம். அடையாறு கலக்கும் முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கரையோர உப்பளவும் இறங்கிவிடும். சிந்தெடிக் சால்ட் (கடல்நீர் தயாரிக்கும் உப்புக் கலவை) வாங்கி லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் கரையுங்கள். முதல் நிரப்பலுக்கு மூன்றரை கிலோ போதும். தண்ணீரில் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளைத் தூளாகப் படிந்து வீணாகும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. கரைசலில் வைத்துச் சரிபாருங்கள்.

வீட்டு ஆர்.ஓ. மெஷின் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் தாதுக்களின் அளவு) 50, 60 என்று நிற்கும், சுவைக்காகத் தாதுக்களும் கலந்திருக்கும். அதன் பின்னால் மிச்சத் தாதுக்களைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று சேர்த்து, டி.டி.எஸ்.-ஐ ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ராமநாதபுரம் பக்கம் கரையில் பவளக்கல் ஒதுங்கிக் கிடக்கும். எடுத்துப் போடலாமா, அண்ணா?

தொடாதீர்கள், தம்பி. கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறி, கருப்புப் பவளம் உட்பட, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளவை. "மண்டபம் கல்" என்று கடைக்காரர் நீட்டினாலும் வாங்காதீர்கள். நுண்துளை உள்ள செராமிக் கல் 8 கிலோ போதும். அதில் பாக்டீரியா நன்றாகவே குடியேறும்.

தண்ணீர் ஊற்றி எத்தனை நாளில் மீன் விடலாம்?

நாளை எண்ணாதீர்கள், டெஸ்ட் கிட்டைப் பாருங்கள். அமோனியம் குளோரைடு கலந்து அமோனியாவை 2 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஏற்றுங்கள், பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவும் சேர்க்கலாம். மீன் கழிவின் அமோனியாவை மாற்றும் பாக்டீரியா இப்படித்தான் பெருகும். அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறி இறங்கும், கடைசியில் நைட்ரேட் மிஞ்சும். 2 பி.பி.எம். ஊற்றி 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகிற அன்று தொட்டி தயார். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நடுவில் மணலில் பழுப்புப் படலம் வரும். அது டயட்டம் பாசி, தானே போய்விடும். மருந்து ஊற்ற வேண்டாம்.

என்ன மீன், என்ன பவளம்?

குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த ஒசெல்லாரிஸ் கிளவுன் இரண்டு, ஒரு சிறிய கோபி. அதோடு நிறுத்துங்கள். ப்ளூ டேங் ஒரு அடி வரை வளரும் மீன், இந்தத் தொட்டி அதற்குச் சிறை. அனிமோன் (பூப்போல இருக்கும் கடல் விலங்கு) முதல் வருடம் வேண்டாம்: இடம் பிடிக்காமல் நகர்ந்து வேவ்மேக்கரில் (தண்ணீரைத் தள்ளும் பம்ப்) மாட்டினால் கிழிந்து தொட்டி முழுக்கக் கெடும்.

பவளத்தில் மஷ்ரூம், ஜோவாந்திட் இரண்டும் தொடக்கத்துக்கு ஏற்றவை. பில் தருகிற கடையில் வாங்குங்கள். ஜோவாந்திட் விஷயத்தில் மட்டும் கவனம்: சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நச்சு உண்டு. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வெட்டாதீர்கள். அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைக்கவே கூடாது. அந்த ஆவி வீட்டிலுள்ள எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் நல்ல தண்ணீர் மீனுக்குப் போடும் மருந்தைப் போடலாமா?

கூடாது. அதில் தாமிரம் இருந்தால் நத்தையும் பவளமும் செத்துப்போகும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள்.

எங்கள் ஊரில் தினமும் கரண்ட் போகும். என்ன செய்வது?

முதலில் காப்பாற்ற வேண்டியது தண்ணீரின் ஓட்டம். விளக்கு அணைந்தால் பரவாயில்லை. சூடான உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மணிக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் தள்ளும் டி.சி. வேவ்மேக்கர் வாங்கினால், அதே வோல்ட்டேஜ் பேட்டரியில் மணிக்கணக்கில் ஓடும். அதற்கும் வழியில்லையென்றால் கரண்ட் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றாவது மாட்டுங்கள்.