ஆற்றங்கரையில் தூண்டில் போட்டும் மீன் சிக்காதது ஏன்?

புதிதாக ராடும் ரீலும் வாங்கி, ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் காலை பத்து மணி முதல் மதியம் வரை ஆற்றங்கரையில் நின்று பார்த்தும், பொடி மீன்கள் புழுவைக் கொறித்துக்கொண்டு போனதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நடு ஆறு வரை வீசுவதற்கு ஏற்ற கருவி எது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு கருவி உங்களுக்குத் தேவையில்லை என்பதே என் பதில். நீங்கள் தேடிய மீன்களில் பெரும்பாலானவை கரையிலிருந்து பத்தடிக்குள் நின்றிருக்கும். அவற்றின் தலைக்கு மேலாக நீங்கள் வீசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

நான் தூண்டில் பழகியது தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் குடமுருட்டி ஆற்றங்கரையில், என் பெரியப்பாவிடம். அவர் செருப்பைச் சாலையோரத்திலேயே கழற்றி வைத்துவிட்டு, கரையில் வெறுங்காலுடன் மெதுவாக இறங்குவார். ஆற்றின் மீதுள்ள மரியாதையால் அப்படிச் செய்கிறார் என்று பல வருடங்கள் எண்ணியிருந்தேன். ஒருநாள் கேட்டபோது, "நீ நடக்கிறது அதுக்குக் கேக்கும்டா" என்று மட்டும் சொன்னார். செவுளுக்குப் பின்னாலிருந்து வால் வரை மீனின் இரு பக்கமும் ஓடுகிற உணர்கோடு நீரில் ஏற்படும் மிகச் சிறிய அதிர்வையும் அறிந்துகொள்ளும் என்று பின்னாளில் படித்தபோதுதான் அவர் சொன்னதன் முழுப் பொருளும் விளங்கியது. மண் கரையில் குதிகாலை ஊன்றி நடக்கும் அதிர்வு நேராக நீருக்குள் இறங்கிவிடும். கரையில் நண்பர்களுடன் பேசுவது அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆனால் கால் மாற்றி மாற்றி நிற்பதும், பையைத் தொப்பென்று கீழே வைப்பதும் அன்றைய காலையையே வீணாக்கிவிடும்.

நிற்காமல் உட்காருங்கள் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. நீரின் பரப்பில் ஒளி வளைவதால், உள்ளே இருக்கும் மீனுக்குக் கரையும் வானமும் மரங்களும் தலைக்கு மேலே ஏறக்குறைய 97 பாகை விரிந்த ஒரு வட்டத்திற்குள் அடங்கித் தெரிகின்றன. நிலத்தை ஒட்டித் தாழ்வாக இருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கலாகிவிடும். உயர்ந்து நிற்பவையோ விளிம்பைத் தாண்டி உள்ளே நுழைந்து தெளிவாகத் தெரியும். ஆகவே நீரிலிருந்து நான்கைந்து அடி பின்னால், கோரைக்கோ புதருக்கோ அருகில், சூரியன் உங்கள் நிழலை நீரில் விழச் செய்யாத பக்கமாக உட்கார்ந்துகொண்டால், அதுவே உங்கள் முதல் கருவி.

அடுத்து, இடம். ஓடும் ஆற்றில் மீன் எப்போதும் இரண்டு தேவைகளுக்கு நடுவே நிற்கிறது: நீரோட்டத்தை எதிர்த்து வலுவைச் செலவிடக் கூடாது, ஆனால் ஓட்டம் கொண்டுவரும் இரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒருசேரக் கிடைப்பது வேகமான நீரும் தேங்கிய நீரும் சந்திக்கும் வரம்பில்தான். அந்த வரம்பைக் கண்ணால் பார்க்கலாம். நுரையும் சருகும் ஒரே கோடாக மிதந்து போகும். எங்கள் பக்கத்தில் சட்ரஸ் என்று சொல்லும் மதகுகளுக்குக் கீழே நீர் சுழன்று திரும்பும் மூலை, படித்துறையின் கடைசிப் படிக்கு அப்பாலுள்ள சரிவு, நீரின் மேல் சாய்ந்த புங்கமரத்தின் அடி, நாணல் முடிந்து வெறும் நீர் தொடங்கும் ஓரம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். படித்துறையில் அரிசி களையும் நீரும் பாத்திரம் கழுவும் பருக்கையும் விழுகின்றன. மரத்தடியில் பூச்சியும் பழமும் விழுகின்றன. நடு ஆற்று மணலில் மீனுக்கு என்ன கிடைக்கப்போகிறது?

காவிரி டெல்டாவில் பருவமும் இதனுடன் சேர்ந்தது. மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12இல் நீர் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. அணையின் இருப்பைப் பொறுத்து நாள் முன்பின் ஆகும். புதுநீர் செம்மண் நிறத்தில் வரும் முதல் வாரத்தில் மீன்கள் கரையோரத்துக்கும் வாய்க்கால் தலைப்புகளுக்கும் ஏறி வரும்; கலங்கிய நீரில் கண் உதவாததால் மோப்பத்தால் இரை தேடும் கெளுத்திக்கு அது ஏற்ற காலம். நீர் தெளிந்தபின் கெண்டையும் ஜிலேபி என்கிற திலாப்பியா மீனும் நன்றாகக் கடிக்கும். நீர் நின்றபின் ஆறு வற்றி ஆங்காங்கே மடுக்கள் மட்டும் மிஞ்சும்போது, அவற்றில் அடைபட்ட மீன்களைப் பிடிப்பது மிக எளிது. ஆனாலும் பிப்ரவரிக்குப் பிறகு மடுவில் நான் தூண்டில் போடுவதில்லை. கோடையைத் தாண்டி உயிருடன் நிற்கிற அந்தச் சில மீன்கள்தான் அடுத்த நீரில் இனம் பெருக்க வேண்டியவை.

நேரத்தைப் பற்றி எல்லோரும் விடியற்காலை என்றே சொல்வார்கள். ஓடும் ஆற்றுக்கு அது சரி. பாசியும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த குளத்துக்கு அது பொருந்தாது. இரவு முழுவதும் செடிகளும் பாசியும் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால், விடிவதற்குச் சற்று முன்புதான் அது மிகக் குறைவாக இருக்கும். 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர், முழுமையாகக் கரைந்த நிலையிலேயே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கொள்ளும். அதிலும் மிகவும் குறைந்துபோனால் மீன் இரையை நினைக்காது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். குளத்தில் வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழிந்தபின் தொடங்குவது நல்லது. நீங்கள் ஆற்றுக்குப் போவதாகச் சொல்கிறீர்கள். பத்து மணிக்குப் போனால் அன்றைய நல்ல நேரம் முடிந்துவிட்டிருக்கும். ஆறு மணிக்குப் போங்கள், இல்லையென்றால் மாலை நான்கரைக்குப் பிறகு போங்கள்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள, நுனி வளையும் மூங்கில் கழி போதும். அதன் நீளத்துக்கே நரம்பு, அதாவது நைலான் இழை, கட்டுங்கள், 0.20 மில்லிமீட்டர் தடிமன் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் தாங்கும். உங்களிடம் இருக்கும் தூண்டில் முள் மிகப் பெரியது என்று நினைக்கிறேன். புழுவை ஓரத்திலிருந்து கொறித்துவிட்டுப் போவது அதனால்தான். முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறிதாகும். கெண்டைக்குப் பத்து அல்லது பன்னிரண்டாம் எண், ஜிலேபிக்கு எட்டாம் எண் வாங்குங்கள். புழுவை முழுதாகத் தொங்கவிடாமல், முள்ளை மூடும் அளவுக்குக் கிள்ளிக் கோத்துவிடுங்கள். மாவு இரை என்றால் கோதுமை மாவுடன் கடலைப் புண்ணாக்குத் தூளைக் கலந்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, பிய்த்த பஞ்சு சிறிது சேர்த்தால் நீரில் எளிதில் கரையாது.

தக்கையைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நீருக்கு மேலே அதன் நுனி மட்டும் தெரியும்படி நரம்பில் ஈயக் குண்டுகளைச் சேர்த்துச் சமன் செய்யுங்கள். பாதித் தக்கை மிதந்துகொண்டிருந்தால், அதை இழுக்கும் பளுவை உணர்ந்து மீன் இரையைத் துப்பிவிடும். படபடவென்று துடிப்பது பொடிக் கெண்டை; அதற்கு அவசரப்பட்டு இழுக்க வேண்டாம். பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து பின்பு சாய்ந்து அமிழ்ந்தால் அது பெரும்பாலும் ஜிலேபி. ஒரேயடியாக நேர்கீழே போனால் கெளுத்தி; அது முள்ளைத் தொண்டை வரை விழுங்கிவிடும் என்பதால் உடனே இழுத்துவிடுங்கள். தக்கை அமிழாமல் மேலே எழுந்து படுத்துக்கொண்டால், அடியில் மேயும் மீன் ஒன்று ஈயத்தோடு இரையைத் தூக்கியிருக்கிறது என்று பொருள். பழகாதவர்கள் இந்த ஒன்றைத்தான் தவறவிடுகிறார்கள். மிர்கால் கடிப்பது பலமுறை இப்படித்தான். தோப்பா என்று நாங்கள் அழைக்கும் கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடியிலும் மேய்பவை. கட்லாவின் கீழ்த்தாடை மேல்நோக்கித் திரும்பியிருப்பதைப் பார்த்தாலே அது தெரியும். எனவே தக்கைக்கும் முள்ளுக்கும் இடையிலுள்ள நீளத்தை அரை மணிக்கொருமுறை மாற்றிப் பாருங்கள். ஒரே ஆழத்தில் மூன்று மணி நேரம் காத்திருப்பதில் பயனில்லை. நீங்கள் அடிக்கடி காணப்போகிற ஜிலேபி 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். அது நம் நீர்நிலைகளில் மிகுதியாகப் பெருகி நாட்டுக் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால், சாப்பிடும் அளவுக்கு அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விரால் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் தூண்டில் பிடிக்கத் தொடங்கும் எல்லோரும் கடைசியில் அதனிடம்தான் வந்து சேர்வார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் குளத்து ஓரங்களில் செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாக நீர் கொதிப்பதுபோல மேலே வந்து மூச்செடுத்துப் போவதைப் பார்ப்பீர்கள். அவற்றுக்கு அடியில் தாயும் தந்தையும் காவலாக நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் ரப்பர் தவளையை இழுத்தால், பசி இல்லாவிட்டாலும் குஞ்சுகளைக் காப்பதற்காக விரால் பாய்ந்து கடிக்கும்; அதனால் அதை எளிய வழி என்று பலர் சொல்லித் தருகிறார்கள். இருபது வயதில் நானும் ஒருமுறை அப்படி ஒன்றைப் பிடித்தேன். அன்று மாலை அதே இடத்தில் கூட்டம் சிதறிக் கிடந்தது. மடையான் கொக்குகள் கரையில் வரிசையாக நின்று குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருந்தன. பிடித்த மீனை வீட்டில் சமைத்தார்கள். என்னால் சாப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகு குஞ்சு தெரியும் இடத்தில் நான் தூண்டிலை எடுப்பதே இல்லை; நீங்களும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏரி, குளம், கண்மாய்களில் மீன்பாசி உரிமை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடம் கேட்காமல் போடும் தூண்டில் அவருடைய பிழைப்பில் கைவைப்பதாகும். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அணைகளில் மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். காப்புக் காடுகளுக்குள் ஓடும் ஆறுகளில் போட வேண்டாம். வெடித் தோட்டா வைத்தும் விஷம் கலந்தும் மீன் கொல்வதை 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. அப்படிச் செய்பவர்களைக் கண்டால் தகவல் சொல்லுங்கள். ஒரே நாளில் ஒரு மடுவின் முட்டை முதல் பெரிய மீன் வரை எல்லாமே அதனால் அழிந்துபோகும்.

பாதுகாப்பு குறித்துச் சிலவற்றை மறக்க வேண்டாம். மேலே நீர் திறந்தால் மணல் திட்டில் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி நீர் ஏறிவிடும். ஆகவே நடுத்திட்டுக்குப் போகாமல் கரையிலேயே இருங்கள். மணல் அள்ளிய குழிகள் கொள்ளிடத்தில் எங்கே இருக்கும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அணைக்கரை, சிதம்பரம் பக்கங்களில் முதலைகளும் உண்டு. அங்கே இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் போடுவது ஆபத்தானது. கெளுத்தியைப் பிடிக்கும்போது முதுகு முள்ளும் செவுளருகிலுள்ள இரண்டு முட்களும் விரல்களுக்கு இடையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பின்னாலிருந்து பிடிக்க வேண்டும். தேளி மீனைக் கையால் தொடவே வேண்டாம், துணியால் பிடியுங்கள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி நேரம் வைத்திருந்தால் கடுப்பு தணியும். வீக்கமோ மயக்கமோ இருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அறுந்த நரம்பை ஒரு துண்டுகூடக் கரையில் விடாமல் சுருட்டி எடுத்து வாருங்கள். காலில் நரம்பு சுற்றிக் கிளையில் தொங்கிய நீர்க்காகம் ஒன்றை நான் அறுத்து விடுவித்திருக்கிறேன். அதன் ஒரு கால் ஏற்கெனவே கறுத்துப்போயிருந்தது.

சிறிய மீன் சிக்கினால், முதலில் கையை ஆற்று நீரில் நனைத்துக்கொள்ளுங்கள்; உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். முள் உதட்டில் இருந்தால் வந்த வழியே திருப்பி எடுங்கள். தொண்டைக்குள் போயிருந்தால் நரம்பை முள்ளை ஒட்டி அறுத்துவிடுங்கள். பிறகு தலை ஓட்டத்தை நோக்கி இருக்கும்படி நீரில் தாங்கிப் பிடித்துக் காத்திருங்கள். செவுள் இரண்டும் சீராக விரிந்து மூடத் தொடங்கியபின், வால் உங்கள் உள்ளங்கையைத் தட்டிவிட்டு அது தானாகவே போய்விடும்.