டொராண்டோ வீட்டின் பின்புறம்: டெக்கா, பேட்டியோவா?

டொராண்டோவில் வாங்கிய வீட்டின் பின்னால் மர டெக் (தரையிலிருந்து உயர்த்திக் கட்டும் மேடை) போடுவதா, கல் பதித்த பேட்டியோவா (தரையோடு அமையும் தளம்) என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பின்கதவுப் படிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

கதவு மூன்று நான்கு அடி உயரத்தில் இருந்தால் டெக்தான் சரி. பேட்டியோ போட்டால் ஒவ்வொரு முறையும் படியிறங்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அங்கே உட்காரவே வரமாட்டார்கள். ஆனால் டெக் தரையிலிருந்து 60 செ.மீ.க்கு மேல் போனால் நகராட்சி அனுமதியும் கைப்பிடித் தடுப்பும் கட்டாயம்.

டெக்கில் கண்ணுக்குத் தெரியாத செலவு அடித்தளம். குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து, மண் மேல்நோக்கி உப்பி எழும். அதனால் தூண்களை ஏறக்குறைய 4 அடி ஆழத்துக்கு இறக்க வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கும் ஒப்பந்தக்காரரைத் தயவுசெய்து நம்பாதீர்கள், இரண்டு மூன்று குளிர்காலத்திலேயே டெக் கோணிக்கொள்ளும். அப்புறம், சாதாரண மரமென்றால் சில வருடத்துக்கொரு முறை பூச்சு அடிக்க வேண்டும்.

கதவு தரையோடு ஒட்டியிருந்தால் நான் பேட்டியோவுக்கு இன்டர்லாக் கல்லைத்தான் (ஒன்றோடொன்று பொருத்திப் பதிக்கும் கல்) சொல்வேன். அடியில் ஜல்லியை நன்றாக இறுக்கி, வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரிவு விடச் சொல்லுங்கள். சரிவில்லையென்றால் பனி உருகும் தண்ணீர் நிலவறைக்குள் இறங்கிவிடும். கல் தாழ்ந்தால் அதை மட்டும் எடுத்துத் திரும்பப் பதிக்கலாம். கான்கிரீட் தளம் வெடித்தால் அப்படிச் செய்ய முடியாது.

எதுவானாலும், தோண்டும் முன் ஒன்டாரியோ ஒன் கால் (Ontario One Call) என்ற சேவை மூலம் எரிவாயு, மின்கம்பிகள் போகும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இலவசம்தான்.