நிறுத்தினாலும் அடங்காத சூடு

கேள்வி: அணு உலையில் புகையே வராதே, அப்புறம் ஏன் அதை எதிர்க்கிறீர்கள்?

பதில்: புகை வராது, சரி. ஆனால் உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளின் சூடு அடங்காது. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும் ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த 3 உலைகளும் தானாகவே நின்றன. பிறகு வந்த சுனாமி அவசர மின்சாரத்துக்கான டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. மின்சாரம் தயாரிக்கும் இடத்திலேயே, தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விக்க மின்சாரம் இல்லை! மூன்றிலும் எரிபொருள் உருகியது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது. அணுக்கழிவிலுள்ள கதிரியக்கப் பொருளான புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும்.

சூரியத் தகடு உடைந்தால் யாரும் ஊரைக் காலி செய்ய வேண்டியதில்லை. இரவுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். காற்றாலை இருக்கிறது, பேட்டரி இருக்கிறது. பகல் மின்சாரத்தில் நீரை மேட்டு அணைக்கு ஏற்றி, இரவில் இறக்கி டர்பைனைச் சுழற்றலாம்.